பத்தாவது நிமிடத்தில் சாகிறவள்

உலகம் அழிந்துபோன கதையா, அவளைக் கூப்பிடு. எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம். குண்டு விழுந்து அழிந்தாலும் சரி, நோய் வந்து அழிந்தாலும் சரி, கதாநாயகனுக்கு ஒரு மனைவி இருப்பாள். படம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் அவள் செத்தாக வேண்டும். அவள் செத்தால்தான் அவனுக்குத் துக்கம் வரும். துக்கம் வந்தால்தான் தாடி வளரும். தாடி வளர்ந்தால்தான் அவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வடக்கே நடப்பான். முகம் தெரிகிற இடத்தில் பேர்போன நடிகை இருப்பார். அடி, உதை, கழுத்து நெரிப்பு, மாடியிலிருந்து விழுவது எல்லாம் டூப்பாக வரும் இவள்தான். யூனிட்டில் இவளுக்குப் பேரே 'பத்து நிமிஷம்'.

நான் அதே படங்களில் துணியை அழுக்காக்குகிறவள். புதுத் துணியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, சிமெண்ட் தரையில் தேய்த்து, கம்பி பிரஷ்ஷால் கிழித்துக் கொடுப்பது என் வேலை. என்னை 'அழுக்கக்கா' என்பார்கள். இந்த மாதிரிப் படங்களில் ஊறிப்போன எனக்குக் கதை கேட்கவே வேண்டாம். நாய் ஒன்று இருக்கும், அது சாகும். சிரித்த முகத்தோடு கதவைத் திறந்து சோறு போடுகிற பெரியவர் ஒருவர் இருப்பார், அது என்ன கறி என்று கேட்கக் கூடாது. வாய் பேசாத குழந்தை ஒன்று இருக்கும். சோப்பு விற்கிற கடை ஒன்றுகூட மிஞ்சாத ஊரில் கதாநாயகியின் புருவம் மட்டும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். கேட்டால், "ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியவாக்கா போகுது?" என்பார்கள். ஜனங்களுக்குத் தெரியும். ஜனங்கள் பாவம், டிக்கெட் எடுத்துவிட்ட பிறகு என்ன செய்வார்கள்?

பத்து நிமிஷம் இந்தத் தொழிலுக்குத் தேடி வந்தவள் இல்லை. பெரிய செருப்புக் கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். கடையில் படப்பிடிப்பு நடந்த அன்று படியில் உருள வேண்டிய டூப் வரவில்லை. உயரம் ஒத்துப்போகிறதென்று இவளை நிறுத்தினார்கள். மேல்படியிலிருந்து கடைசிப்படி வரை உருண்டு வந்து, எழுந்து, "செருப்பு எங்க போச்சு?" என்று கேட்டாளாம். சண்டை மாஸ்டர் கை தட்டினான். "அந்தப் பொண்ணு விழுற அழகப் பாருங்கடா" என்று தன் ஆட்களிடம் சொன்னான். அந்த வருஷமே அவளைக் கட்டிக்கொண்டான். ஒருத்தி விழுவதைப் பார்த்து ஆசைப்பட்டவன், அவள் நிமிர்ந்து நின்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வான்? இது எனக்கு அப்போதே தோன்றியது, கல்யாண வீட்டில் சொல்லக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன்.

அடி வாங்குவதும் ஒரு வித்தைதான். கை வருகிற திசையிலேயே தலையைக் கொண்டுபோக வேண்டும், கை படுவதற்கு ஒரு கணம் முன்னால் சாய வேண்டும், தோளைக் கொடுத்துத் தரையைத் தொட வேண்டும். வருஷக்கணக்காகச் செய்ததில் அவள் உடம்பு அதைத் தானாகவே செய்யப் பழகிவிட்டது. அதுவே வீட்டில் வினையாகிப் போனது. அவன் கையை ஓங்கினால் கை படுவதற்கு முன்பே விழுந்துவிடுவாள். "எங்கிட்டயே நடிக்கிறியாடி?" என்று தூக்கி நிறுத்தி, சுவரோடு சாய்த்து, சாய இடம் இல்லாதபடி அடிப்பான். படத்தில் வாங்கினால் கூலி, வீட்டில் வாங்கினால் ஓசி. இதைச் சொல்லிச் சிரித்தவள் அவள்தான், நானில்லை.

ஒருநாள் காலை அவள் இடது கன்னத்து எலும்பில் ஒரு காயத்தோடு வந்தாள். கருநீலம், நடுவில் கொஞ்சம் சிவப்பு. டைரக்டர் பார்த்துவிட்டு, "பிரமாதம், யார் போட்டது?" என்றார். மேக்கப் அண்ணன் தான் போடவில்லை என்று தெரிந்தும் பல்லைக் காட்டினான். சும்மா வந்த பாராட்டை யார் வேண்டாமென்பார்கள்? அந்தக் காயத்தோடேயே ஷாட் எடுத்தாயிற்று. அப்புறம் வந்தது கண்டினியூட்டி. கதையில் ஒரே நாளில் நடப்பதை நாங்கள் வாரக்கணக்கில் எடுப்போம். முதல் நாள் இருந்த காயம் கடைசி நாளும் அப்படியே இருந்தாக வேண்டும். நிஜக் காயம் பச்சையாகி, மஞ்சளாகி, ஆறிக்கொண்டே வந்தது. மேக்கப் அண்ணன் தினமும் போட்டோவைப் பார்த்து அதன்மேல் நீலத்தைத் தீட்டிக்கொண்டே வந்தான். புருஷன் அடித்ததை நாங்கள் ஆறவிடாமல் காத்தோம். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"நல்லதுதான்க்கா" என்றாள் அவள். "இனிமே எது வந்தாலும் மேக்கப்னு நெனச்சுக்குவாங்க."

"உனக்கு வெக்கமாயில்ல? பொண்ணக் கூட்டிட்டு என் வீட்டுக்கு வந்துடு."

"பொண்ணு மேல அவரு கை வச்சதில்லக்கா. அதுவரைக்கும் நான் தாங்கிக்குவேன். அவளுக்கு ஒரு வீடு வேணும்ல?"

பன்னிரண்டு வயது மகளைச் சுற்றி அவள் போட்டிருந்த வேலி இவ்வளவுதான். அவளை அவன் தொடாதவரை தான் எதையும் வாங்கிக்கொள்ளலாம். எனக்கு அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. ஏற்கெனவே அதற்கு ஆள் இருந்ததால் விட்டுவிட்டேன்.

அடுத்த படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது. எந்த மண், எந்தச் சாம்பல் என்று தெரிந்தால்தானே துணியில் பூச முடியும், அதனால் நான் நாவலை முழுக்க வாசித்தேன். அதில் முதல் அத்தியாயத்தில் சாகிறவன் கணவன். மனைவிதான் கடைசிவரை நடக்கிறாள். படத்துக்கு வந்தபோது ஆளை மாற்றிவிட்டார்கள்.

"புக்குல அவ என்னக்கா ஆவா?" என்று கேட்டாள் பத்து நிமிஷம், கிழிசல் சட்டையை மாட்டிக்கொண்டே.

"கடைசி வரைக்கும் போவா."

"அடிபடாமலா?"

"நெறைய அடிபடுவா. ஆனா போய்ச் சேருவா."

"நம்ம டைரக்டர் வாசிச்சாரா?"

"அட்டைய வாசிச்சிருப்பாரு."

அவள் சிரித்தாள், சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தப் படத்திலும் வாய் பேசாத குழந்தை இருந்தது. பேர்போன குழந்தை நட்சத்திரம் கண்ணாடிச் சில்லுக்குள் புரளாது, இடிகிற கூரைக்கு அடியில் ஓடாது. அதற்கு டூப் வேண்டும். மாஸ்டர் தன் மகளையே கொண்டுவந்து நிறுத்தினான். அம்மாக்காரி வேறு படப்பிடிப்புக்குப் போகிற பகல்களில் வீட்டுக் கூடத்தில் மெத்தையைப் போட்டு மகளுக்கு விழக் கற்றுக்கொடுத்தான். அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. விழும்போது சத்தம் வரக் கூடாது. ஊமைக்கு ஏது சத்தம்?

பெண் கையில் ஒரு காயத்தோடு சுற்றிக்கொண்டிருந்தாள். மேல்கையில் நான்கு விரல் பதிந்த தடம், பின்னால் ஒரு கட்டைவிரல். கதையில் கொள்ளைக்காரன் அந்தக் குழந்தையைப் பிடித்து இழுக்கிறான், அதன் தடம் அங்கேதான் இருக்க வேண்டும். பத்து நிமிஷம் அதைப் பார்த்து, "மேக்கப் அண்ணனுக்குக் கை திருந்திடுச்சுக்கா, நெசம் மாதிரியே இருக்கு" என்று மெச்சினாள். மேக்கப் அண்ணன் இந்த முறையும் பல்லைக் காட்டினான். எனக்கு வாளியும் பிரஷ்ஷுமாக நிமிரக்கூட நேரமில்லாத வாரம் அது.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கவிருந்தது கதையின் ஆரம்பம். மனைவி சாகிற காட்சி. அந்த நேரத்தில் குழந்தைக்குக் காயமே கிடையாது, உடம்பு துடைத்தாற்போல் இருக்க வேண்டும். என் துணி அறையில், இஸ்திரி மேசை ஓரமாகப் பத்து நிமிஷம் மகளை உட்கார வைத்து, எண்ணெயும் பஞ்சுமாகத் துடைக்கத் தொடங்கினாள். முகம் போயிற்று. கழுத்து போயிற்று. முழங்கால் போயிற்று. கைக்கு வந்தாள். போகவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். "என்னத்தத் தடவித் தொலைச்சானோ" என்று திட்டிக்கொண்டே கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது, சத்தம் இல்லை.

"அம்மா, அது போகாதும்மா" என்றது, கடைசியில்.

அவள் கை நின்றது. பஞ்சைப் பார்த்தாள். பஞ்சில் நீலம் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, "நானே தேச்சேனே அக்கா, நானே போட்டுத் தேச்சேனே" என்று தன் கன்னத்தில் மாறி மாறி அறைந்துகொண்டாள். நிஜத்தை மேக்கப் என்று ஊரை நம்பவைத்தவள் கடைசியில் தானே நம்பிவிட்டாள். நான் இரண்டு கையையும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அவள் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு எழுந்து நேரே அவனிடம் போனாள். அவன் செட்டில் முகமூடியும் ரப்பர்க் குழாயுமாக நின்றிருந்தான். கொள்ளைக்காரன் வேஷம் அவனுக்கே. மனைவியைக் கொல்கிற காட்சியில் மட்டும் அவன் வேறு ஆளை விட்டதில்லை.

"புள்ள மேல கை வச்சியா?"

"விழும்போது கண்ண மூடுறா. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். உனக்கும் அப்படித்தானே வந்துச்சு?"

"இதோட சரி. இந்த சீன் முடிஞ்சதும் அவளக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவன் முகமூடியை இழுத்து மாட்டினான். "சீன் முடியட்டும், பாப்போம்" என்றான்.

போகாதே என்றேன். கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பெண்ணைப் படுக்க வைத்தாயிற்று. அம்மாக்காரி விலகிக்கொண்டால் அவள் இடத்தில் வேறொருத்தியை நிறுத்துவார்கள், மகள் அவன் கைக்கெட்டும் தூரத்தில் தனியாகக் கிடப்பாள். காயம் தெரியாமலிருக்க நான் முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துப் பெண்ணுக்கு மாட்டிவிட்டு ஓரமாக நின்றேன். காட்சி எளிது. கொள்ளைக்காரன் கதவை உடைத்து வருகிறான், குழாயால் அடிக்கிறான், அவள் மேசைமேல் விழுகிறாள், கழுத்தை நெரிக்கிறான். குழந்தை கட்டிலுக்கு அடியிலிருந்து பார்க்கிறது.

காற்று மிஷின் ஓடத் தொடங்கியது. கதவு உடைந்தது. அவன் குழாயை வீசினான். அவள் விழவில்லை.

அத்தனை வருஷம் தானாகச் சாய்ந்த உடம்பு அன்று சாயவில்லை. அடியை முழங்கையில் வாங்கிக்கொண்டு ஓரடி உள்ளே வந்து, நெற்றியால் அவன் மூக்கில் மோதினாள். முகமூடிக்குள்ளிருந்து ரத்தம் ஒழுகியது. அவன் அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து மேசை விளிம்பில் முகத்தை இடித்தான், ஒருமுறை, இன்னொரு முறை. பல் ஒன்று தெறித்துத் தரையில் ஓடியது. மல்லாத்திப் போட்டு, முழங்காலை நெஞ்சில் ஊன்றி, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தான். நடிப்பில் கட்டைவிரல் இரண்டும் தொண்டையைத் தொடாமல் விலகி நிற்கும். அன்று இரண்டும் உள்ளே இறங்கின. அவள் குதிகால் மேசையை உதைத்துக்கொண்டே இருந்தது.

"கட் சொல்லிராத, ஓடட்டும்" என்று டைரக்டர் கேமராமேனின் தோளை அழுத்தினார். "என்னமா வருது பாரு!"

அவள் தலை கட்டில் பக்கம் திரும்பியது. மகளைப் பார்த்தாளோ என்னவோ, கை மெல்ல ஏறி அவன் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடித்தது. விறகு முறிகிற சத்தம் காற்று மிஷினையும் மீறிக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு எழுந்து நாற்காலியைத் தூக்கினான். அது ரப்பர் நாற்காலி இல்லை. நான் என் தேயிலை வாளியைத் தூக்கி அவன் முகத்தில் வீசினேன். தண்ணீர் மட்டுமில்லை, வாளியும்தான். முகமூடியோடு சரிந்தான். அப்போதுதான் லைட் பையன்கள் ஓடிவந்தார்கள். அப்போதுதான் டைரக்டர் "கட்" என்றார்.

கட்டிலுக்கு அடியில் பெண் தன் முன்கையைக் கடித்தபடி கிடந்தாள். பல் பதிந்து ரத்தம் வந்திருந்தது. ஒரு சத்தமும் போடவில்லை.

என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். அம்மாவுக்குக் குரல் போய்விட்டது, கரகரவென்று ஏதோ வரும். மகளுக்குக் குரலில் ஒன்றும் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னார், ஆனால் அன்றிலிருந்து அவள் வாயையே திறக்கவில்லை.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா ஒருவர். பொறுமையாகத்தான் கேட்டார். மாஸ்டர் விரலில் கட்டோடு வந்து, "கழுத்த நெரிக்கறதுதான் மேடம் என் வேல. அவதான் சீன மீறி அடிச்சா, எம் புள்ளையவும் தூக்கிட்டுப் போயிட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். யூனிட் ஆட்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: நடிப்பென்று நினைத்தோம். என்னை அவர் சாட்சியாக வைத்துக்கொள்ளவில்லை, வாளியால் அடித்தவள் சாட்சி சொன்னால் எடுபடாது என்றார். அன்று எடுத்த காட்சியைக் கொடுங்கள் என்றதற்கு, படம் வெளியாகும்வரை தர முடியாது என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

"அவருக்கு வீடு இருக்கு, வேல இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. "உனக்கு இப்ப ரெண்டும் இல்ல. புள்ள யார்கூட இருக்கணும்னு முடிவு பண்ற அதிகாரிங்க முன்னாடி நிக்கும்போது உம் பொண்ணு ஒரு வார்த்த சொன்னா நான் பாத்துக்குவேன். அப்பா அடிச்சாருன்னு ஒரு வார்த்த. சொல்லலன்னா அவர்கூடத்தான் அனுப்புவாங்க. என் கையில ஒண்ணுமில்ல."

நாங்கள் கெஞ்சினோம், கொஞ்சினோம். எழுதியாவது காட்டடி என்றோம். பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு பகலில் மாஸ்டர் குடித்துவிட்டு வந்து என் ஜன்னலைக் கல்லால் உடைத்தான். கண்ணாடி பெண்ணின் மேலே விழுந்தது. அப்போதுகூட அவள் "ஆ" என்று சொல்லவில்லை, சொல்லிக்கொடுத்தபடியே சத்தமில்லாமல் உருண்டாள். அதைப் பார்த்துத்தான் அவள் அம்மா உடைந்துபோனாள். "நல்லாக் கத்துக்கிட்டா அக்கா" என்றாள், அந்தக் கரகரத்த குரலில்.

அதிகாரிகள் முன்னால் நிற்க வேண்டிய வாரத்தில்தான் படம் வெளியானது. ஒரு பிடிவாதத்தில் பத்து நிமிஷம் நிலையத்துக்குப் போய், "மேடம், பத்து நிமிஷம் வாங்க, பாத்துட்டு நடிப்பான்னு நீங்களே சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "டூட்டி நேரத்துல சினிமாவா, நல்லாருக்கும்மா உங்க ஊர் நியாயம்" என்று அலுத்துக்கொண்டாலும், அவர் சாதாரண உடையில் பகல் காட்சிக்கு வந்தார். பெண்ணைத் தனியே வீட்டில் விட எங்களுக்குத் தைரியமில்லை. எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவே உட்கார வைத்தோம்.

அந்தக் காட்சி வந்தது. வெட்டாமல் முழுசாக வைத்திருந்தார்கள், விரல் முறிவதற்குச் சற்று முன்வரை. காற்றின் சத்தத்தை எடுத்துவிட்டு வயலின் போட்டிருந்தார்கள். திரை முழுக்க அவள் தொண்டையும் அதில் இறங்கிய கட்டைவிரல்களும். பின்வரிசையில் ஒருவன், "செம்மையா நடிச்சிருக்காடா" என்றான். எனக்கு அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா முன்னால் குனிந்து பார்த்தார், பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். "முகமூடி போட்டிருக்கான். இத வச்சு நெசம்னு நான் எப்படிம்மா எழுதுறது?" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பெண்ணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பத்து நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

திரையில் அவள் தலை கட்டில் பக்கம் திரும்பியது. அதோடு, வேறொருத்தியை வைத்துப் பிறகு எடுத்து ஒட்டிய கை ஒன்று துவண்டு மேசையிலிருந்து தொங்கியது.

"அப்பா!"

தியேட்டரே திரும்பியது. பெண் சீட்டின்மேல் ஏறி நின்றிருந்தாள். "அப்பா, வேணாம்ப்பா! அம்மா செத்துருவாப்பா! நான் கண்ண மூட மாட்டேன்ப்பா, அம்மாவ விட்டுருப்பா!" என்று திரையைப் பார்த்து அலறினாள். கட்டிலுக்கு அடியில் கடித்து விழுங்கியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மெத்தை, பெல்ட், கையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தது எல்லாம். அழுகையும் வார்த்தையும் கலந்து கொட்டியது.

"உஷ், உக்காரு பாப்பா, படம் தெரியல" என்றது பின்வரிசை.

பத்து நிமிஷம் எழுந்து திரும்பினாள். "கத்தட்டும்" என்றாள், போன குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு. மகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், விழாமல் இருக்க. "கத்துடி தங்கம். இன்னும் சத்தமாக் கத்து."

இன்ஸ்பெக்டர் அம்மா எழுந்துவிட்டார். "வாம்மா, வெளிய வந்து எங்கிட்ட சொல்லு. எல்லாத்தயும் சொல்லு" என்று பெண்ணை இறக்கி நடத்திக்கொண்டு போனார். வரிசை முழுக்கக் காலை மடக்கி வழி விட்டது. திரையில் கதாநாயகன் மனைவி செத்த துக்கத்தில் வடக்கே நடக்கத் தொடங்கியிருந்தான். அவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று பார்க்க நாங்கள் யாரும் அங்கே இல்லை.